திட்டு வாங்காதவன்

மருந்துக் கம்பெனி ரெப் வேலையில் ‘ஜாயின்ட் வொர்க்’ என்று ஒன்று உண்டு. மாதத்தில் சில நாட்கள் மேனேஜர் நம்மோடு கூடவே வருவார். நாம் டாக்டரிடம் மருந்தைப் பற்றிப் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். வெளியே வந்ததும் எங்கே சொதப்பினோம் என்று சொல்வார். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று ஒரே ஏரியாவில் இருபது வருஷத்துக்கு மேல் பை தூக்கியவன் நான். என் பைக்கின் பின்னால் எத்தனையோ மேனேஜர்கள் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். எல்லோரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். என்னைத் திட்டாத மேனேஜர் ஒரே ஒருத்திதான். அவளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

அவள் என்று எழுதுவதா, அவர் என்று எழுதுவதா என்று தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆபீஸில் மேடம் என்கிறேன். மனதுக்குள் இன்னும் அவள்தான். அப்படியே எழுதிவிடுகிறேன்.

கொரோனாவுக்கு இரண்டு வருஷம் முன்னால் என்று நினைக்கிறேன். அப்போதிருந்த மேனேஜர் போன் செய்தார். “ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு சார். குன்றத்தூர் பக்கம். ஒரு மாசம் உங்ககூட வரட்டும். தாக்குப் பிடிக்குதான்னு பாப்போம்.”

எங்கள் பக்கத்தில் பெண் ரெப்கள் அப்போது மிகக் குறைவு. வெயிலில் அலைய வேண்டும். டாக்டர் கூப்பிடும்வரை கால் கடுக்க நிற்க வேண்டும். பேஷண்ட் எல்லோரும் போன பிறகுதான் சில டாக்டர்கள் எங்களைப் பார்ப்பார்கள். ஒரு வாரத்தில் ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். அவர்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் அவள். கடனில் வாங்கிய ஸ்கூட்டியில் வந்தாள். நான் பைக்கில் முன்னால் போக, அவள் பின்னால் வருவாள். முதலில் என்னை ‘சார்’ என்றாள். “டாக்டர்தான் நமக்கு சார். என்ன அண்ணான்னு கூப்பிடு” என்றேன்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ரிசப்ஷனில் இருப்பவர் பார்வையில் படுகிற மாதிரி நில், ஆனால் பேஷண்ட் நாற்காலியில் உட்காராதே. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துவிடு. தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பேசாதே, ‘கேட்டுட்டு சொல்றேன் டாக்டர்’ என்று சொல். மருந்து விஷயத்தில் நாம் ஒரு தப்பு சொன்னால் அது நம்மோடு நிற்காது, முகம் தெரியாத யாரோ ஒருத்தர் வயிற்றுக்குள் போய் உட்காரும். இதைத் தினமும் சொல்வேன்.

திட்டுவதிலும் குறை வைக்கவில்லை. கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும், வண்டி நிறுத்திய இடத்திலேயே, சூட்டோடு சூடாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் பழக்கம்.

“டாக்டர் மூஞ்சியப் பாக்காம கையில இருக்கற அட்டையவே பாத்துப் பேசற. அவர் எதுக்கு உன்ன நிமிந்து பாக்கணும்?”

“சரிண்ணா.”

“நேத்து சொன்னதையே இன்னைக்கும் சொல்ல வெக்காத.”

“சரிண்ணா.”

ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் இதைக் கேட்பாள். ஏன் என்றால் “வெயில்ணா” என்பாள். உள்ளே அழுதுகொண்டிருந்திருக்கிறாள். பல வருஷம் கழித்து என் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

என் மனைவி சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள், “அந்தப் பொண்ணு நாள் பூரா உங்ககூட சுத்துதே, பாத்ரூம் எங்க போகும்?” அதை நான் யோசித்ததே இல்லை. மறுநாள்தான் கவனித்தேன், அந்தப் பெண் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் டாக்டரின் கிளினிக்கில் கம்பவுண்டரம்மாவிடம் சொல்லி ஏற்பாடு செய்தேன். அதற்காக அவள் எனக்கு நன்றி சொன்னபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. கற்றுக்கொடுக்கிறவனுக்கே தெரியாத பாடம் இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. ஆனால் அந்த எண்ணம் நிலைக்கவில்லை.

அவள் தாக்குப் பிடித்தாள். தனியாக ஏரியா கொடுத்தார்கள். நன்றாக விற்றாள். காஞ்சிபுரம் பக்கம் மாற்றினார்கள், அங்கேயும் பேர் வாங்கினாள். மூன்று வருஷம் முன்னால் எங்கள் பகுதிக்கு ஏரியா மேனேஜர் இடம் காலியானது. அந்த இன்டர்வியூவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போகவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். போயிருந்தேன். மனைவிக்குக்கூடத் தெரியாது. கம்ப்யூட்டரில் ஏதோ வரைபடத்தைக் காட்டி இதிலிருந்து என்ன புரிகிறது என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர்களின் பிள்ளைகள் பேர் உட்பட எனக்குத் தெரியும் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே கை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த இடத்துக்கு அவள் வந்தாள்.

எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை. முதல் சில மாதம் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். “அண்ணா, அந்த பெருங்களத்தூர் டாக்டர் எப்படி? அண்ணா, இந்த மெடிக்கல் ஷாப்காரர நம்பலாமா?” நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்த கிளினிக்குக்குப் போனாலும் அவளை அறிமுகம் செய்யும்போது, “எங்க புது மேனேஜர் டாக்டர். நான் வளத்த பொண்ணு” என்பேன். ரிசப்ஷனில் சொல்வேன். மெடிக்கல் ஷாப்பில் சொல்வேன். மேற்குத் தாம்பரத்தில் ரெப்கள் கூடுகிற டீக்கடையில் வேறு கம்பெனிக்காரர்களிடமும் சொல்வேன். அவள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்ததை நான் பார்க்கவில்லை. சாயங்காலப் போன்களும் குறைந்தன. வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாதா மாதம் குரோம்பேட்டையில் ஒரு ஓட்டல் ஹாலில் ரிவ்யூ மீட்டிங் நடக்கும். ஒவ்வொருவராக எழுந்து நின்று, போன மாத டார்கெட்டில் எவ்வளவு விற்றோம் என்று கணக்குச் சொல்ல வேண்டும். அவள் யாரையும் விடமாட்டாள். ஏன் குறைந்தது, எந்த டாக்டர் நம் மருந்தை எழுதுவதை நிறுத்தினார், போய்க் கேட்டீர்களா, எப்போது கேட்டீர்கள். நல்ல வாய் உள்ளவர்களுக்கே வியர்க்கும். என் முறை வரும்போது மட்டும், “அண்ணா ஏரியா எனக்குத் தெரியும். அடுத்து” என்பாள். நான் பாதி எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிடுவேன். அது எனக்குக் கொடுக்கும் மரியாதை என்றுதான் நம்பினேன்.

எங்கள் டீமில் பல்லாவரம், குன்றத்தூர் ஏரியாவைப் பார்ப்பவன் ஒருவன் உண்டு. பம்மலில் பிறந்து வளர்ந்தவன், முப்பத்தைந்து வயசு இருக்கும், சின்னக் குழந்தை இருக்கிறது. ஒரு மீட்டிங் முடிந்து படியிறங்கும்போது சொன்னான், “உனுக்கு இன்னாண்ணா, ராஜா. உன்ன மட்டும் மேடம் ஒரு கேள்வி கேக்கறதில்ல.”

“அது பழைய பழக்கம்டா. என்கிட்ட கத்துக்கிட்ட பொண்ணு” என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்வரை அந்தப் பொறாமை எனக்கு இனிப்பாக இருந்தது.

போன வருஷம் எங்கள் கம்பெனி சர்க்கரை வியாதிக்கு ஒரு புது மாத்திரை கொண்டுவந்தது. அதற்கான பாடங்கள் எல்லாம் கம்பெனி கொடுத்த டேப்பில், அந்தக் கையடக்கக் கம்ப்யூட்டரில், வந்தன. நான் புரட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். பழைய மருந்து மாதிரிதானே என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில் மேடவாக்கத்துக்கு ஜாயின்ட் வொர்க் வந்தாள். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்து ரோடு பாதியாகச் சுருங்கியிருந்த நேரம். இரண்டு பேரும் தூசியோடு உள்ளே போனோம். டாக்டர் சின்ன வயசுக்காரர். நான் வழக்கமான பல்லவியைப் பாடி முடித்தேன். அவர் கேட்டார், “கிட்னி கொஞ்சம் வீக்கா இருக்கறவங்களுக்கு டோஸ் குறைக்கணுமா சார்?”

“தேவையில்ல டாக்டர். அப்படியே கொடுக்கலாம்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இதுக்கா சொல்றீங்க?”

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நான் சொன்னது பழைய மருந்துக்கு.  பக்கத்திலிருந்து அவள் நிதானமாகச் சொன்னாள், “இவர் எங்க பழைய மாத்திரையப் பத்தி சொல்றார் டாக்டர். இதுக்குக் கண்டிப்பா குறைக்கணும். எவ்வளவுங்கறத ரெஃபரன்ஸோட இன்னைக்கே மெயில் பண்ணிடறேன்.” டாக்டர் தலையாட்டினார். என்னைத் திரும்பப் பார்க்கவில்லை.

வெளியே வந்தோம். நான் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இப்போது வரும் என்று காத்திருந்தேன். வர வேண்டும். சின்னத் தப்பா அது? எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்து, கையைக் கட்டிக்கொண்டேன் என்றுகூட ஞாபகம்.

“நல்லா போச்சுண்ணா” என்றாள். “டீ சாப்பிடலாமா?”

எதிரே இருந்த பேக்கரிக்குப் போனோம். டீ வருவதற்குள் அவளுக்கு ஒரு போன் வந்தது. நாலடி தள்ளிப் போய் நின்று பேசினாள். எதிர்முனையில் பம்மல்காரன் என்பது பேச்சிலிருந்தே தெரிந்தது.

“டாக்டர் மூஞ்சியப் பாக்காம டேப்பையே பாத்துப் பேசினா, அவர் எதுக்கு உங்கள நிமிந்து பாக்கணும்? இல்ல, நீங்க சொல்லாதீங்க, நான் அன்னைக்கு பாத்துட்டுத்தானே இருந்தேன். நேத்து சொன்னதையே இன்னைக்கும் சொல்ல வெக்காதீங்க.”

என் வார்த்தைகள். ‘வெக்காத’ என்பது ‘வெக்காதீங்க’ ஆகியிருந்தது, அவ்வளவுதான். குரல் உயரவில்லை. ஆனால் விடவும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள், எப்படிச் செய்ய வேண்டும் என்றும் சொன்னாள், நாளைக்கு மறுபடி போங்கள், போய்விட்டு எனக்குச் சொல்லுங்கள் என்றாள். நான் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பம்மல்காரன்மேல் எனக்கு வந்த பொறாமையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஐம்பது வயசைத் தாண்டியவன், அடுத்தவன் திட்டு வாங்குவதைப் பார்த்து ஏங்கிக்கொண்டு நின்றேன்.

ஏனென்றால் ‘நல்லா போச்சு’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் என்னிடம் வேலை பழக வந்தவன் ஒருவன் இருந்தான். சில நாளிலேயே இவன் தேறமாட்டான் என்று எனக்குப் பட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவனை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்ன செய்தாலும் “நல்லா போச்சுப்பா, வா டீ குடிக்கலாம்” என்பேன். அவனுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். கொஞ்ச நாளில் வேலையை விட்டுப் போய்விட்டான். போகும்போது காலில் விழாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கே அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பதில் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அடுத்த ஜாயின்ட் வொர்க் நாளில், வேண்டுமென்றே மோசமாக வேலை செய்தேன். எவ்வளவு தூரம் போனால் அவள் வாயைத் திறப்பாள் என்று பார்க்க. சேலையூரில் ஒரு வயசான டாக்டர், என்னை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவர். அவர் முன்னால் உட்கார்ந்து டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. புது மருந்தின் பேரைச் சொல்லவில்லை. முட்டிவலி எப்படி இருக்கிறது, பேரன் எந்த ஊரில் படிக்கிறான் என்று பேசிவிட்டு, சாம்பிளை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

டாக்டர் அவளைப் பார்த்துச் சொன்னார், “என்னம்மா உங்க ஆளு, கல்யாணப் பத்திரிகை வெக்க வந்த மாதிரி வந்துட்டுப் போறார்?”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவள் முகம் சிவந்துவிட்டது. சமாளித்துச் சிரித்தாள். நான் அவளைப் பரிசோதிக்கப் போய், அவளை அந்த நாற்காலியில் தலைகுனிய வைத்திருந்தேன்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள், “டாக்டருக்கு உங்க மேல எவ்வளவு பிரியம் பாருங்கண்ணா.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “ஏம்மா, என்ன ஏன் திட்ட மாட்டேங்கற?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “உங்கள எப்படிண்ணா திட்டறது.”

“மத்தவங்களத் திட்டற இல்ல. அதே மாதிரி.”

“விடுங்கண்ணா.”

“வேணும்னுதான் உள்ள அப்படிப் பண்ணேன். நீ ஏதாவது சொல்றியான்னு பாக்க.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது களைப்பு. பக்கத்தில் மூடியிருந்த கடையின் நிழலுக்குத் தள்ளிப் போனாள். நானும் போனேன்.

“அண்ணா, உங்களுக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான் சர்வீஸ். மேல உங்களப் பத்தி கேட்டுக்கிட்டே இருக்காங்க. புது மருந்து உங்க ஏரியாவுல நகரவே இல்ல. நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன். உங்க டார்கெட்ல கொஞ்சத்த மத்தவங்களுக்குப் பிரிச்சுப் போட்டிருக்கேன். நீங்க நிம்மதியா ரிடையர் ஆகணும். அவ்வளவுதான் எனக்கு.”

“மத்தவங்கன்னா யாரு?”

“பல்லாவரம்தான் அதிகம். பக்கத்து ஏரியா இல்லையா.”

பம்மல்காரன். படியில் நின்று அவன் பார்த்த பார்வை எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் விற்காததை அவன் விற்றுக்கொண்டிருந்தான். விற்க முடியாதபோது அவளிடம் திட்டும் வாங்கிக்கொண்டிருந்தான். ஹாலில் எழுந்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான். அவர்களிடம் போய் ‘என்கிட்ட கத்துக்கிட்ட பொண்ணு’ என்று மார்தட்டியிருக்கிறேன்.

“எப்பலேந்து?” என்று கேட்டேன்.

“ஆரம்பத்துலேந்தே கொஞ்சம் கொஞ்சமாண்ணா” என்றாள். பிறகு, “சாப்பிடப் போலாமா?” என்றாள்.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். இன்டர்வியூ போனதையும் சொன்னேன். அதைக் கேட்டு அவள் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றாள்.

“அந்தப் பொண்ணு எத்தனை நாளைக்கு இப்படி மூடி மூடி வெக்கும்?” என்றாள். “அதுக்கு மேலயும் ஒரு ஆள் இருப்பான் இல்ல. அவன் அதக் கேக்க மாட்டானா?”

எனக்கு என் அவமானம் மட்டும்தான் தெரிந்திருந்தது. அவள் எனக்காகத் தன் வேலையையும் பணயம் வைத்திருக்கிறாள் என்பது மனைவி சொன்ன பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் அவளுக்குப் போன் செய்தேன். மூன்று விஷயம் யோசித்து வைத்திருந்தேன். என் டார்கெட்டை என்னிடமே கொடுத்துவிடு என்றேன். சரி என்றாள். மேலே யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடு என்றேன். அதற்கும் கொஞ்சம் தயங்கிவிட்டு, சரி என்றாள். மூன்றாவதாக, “ஒரு மாசம் என்னப் புது ரெப் மாதிரி கூடக் கூட்டிட்டுப் போ. நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி நீ எனக்குச் சொல்லிக்கொடு” என்றேன். இதைச் சொல்லும்போது எனக்குள் பெரிய மனசு பண்ணுகிறோம் என்று ஒரு நினைப்பு.

“அது என்னால முடியாதுண்ணா” என்றாள்.

“ஏம்மா?” என்றேன்.

“நீங்க எல்லா டாக்டர்கிட்டயும் நான் வளத்த பொண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கீங்க. அவங்க முன்னாடி உங்களத் திருத்தினா, பதவி வந்ததும் திமிர் வந்துடுச்சும்பாங்க. திருத்தலேன்னா வேலை கெடுது. நான் என்னண்ணா பண்றது? ரெண்டு வருஷமா உள்ள நுழையறப்பவே என்னச் சின்னப் பொண்ணா ஆக்கிடறீங்க. அப்புறம் நான் மேனேஜரா பேசணும்.”

இவ்வளவு நீளமாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. குரலில் கோபம் இல்லை. ரொம்ப நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்த பேச்சு மாதிரி இருந்தது. “சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன். “எப்படிண்ணா?” என்றாள். 

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். புது மருந்தைப் பற்றி எங்கள் டீமில் நன்றாகத் தெரிந்தவன் பம்மல்காரன். அவனிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள் என்றாள்.

அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்மலில் அவன் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஜூஸ் கடையில் சந்தித்தோம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வந்ததும் ஆரம்பித்தேன்.

“என் டார்கெட்ட உன் தலைல போட்டது எனக்குத் தெரியாதுடா. சத்தியமா...”

“தெரியும்ணா. உனுக்குத் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரியும்” என்றான். அது என்னைச் சமாதானப்படுத்தத்தான். அதைவிட மோசமாக ஒன்றை அவன் சொல்லியிருக்க முடியாது. “உடு, காலைலயே பேஜார் பண்ணாத. டேப்ப எடு. இங்க கீது பாரு இந்தப் பக்கம், இத்த நீ தொறந்தே பாத்திருக்க மாட்ட.”

திறந்து பார்த்ததில்லைதான். அவன் சொல்லிக்கொடுத்தான். கிட்னி, டோஸ், யாருக்குக் கொடுக்கக் கூடாது, எல்லாம். தப்பாகச் சொன்னால் முகத்துக்கு நேரே, “தப்புண்ணா. இன்னொருவாட்டி சொல்லு” என்பான். இரக்கமும் இல்லை, எகத்தாளமும் இல்லை. அவனுக்கு என்னிடம் பழைய பாக்கி எதுவும் கிடையாது, அதனால் சொல்ல முடிந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின. கடைக்காரர் என்னை அவனுடைய மாமனார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் திருத்தவில்லை.

டார்கெட் என்னிடம் திரும்பி வந்தது எல்லோருக்கும் மெயிலில் போயிற்று. அடுத்த ரிவ்யூ மீட்டிங்கில் என் முறை வந்தது. நான் எழுந்தேன். இந்தத் தடவை அவள் ‘அடுத்து’ என்று சொல்லவில்லை.

“சார், பள்ளிக்கரணைல ரெண்டு மாசமா ஒரு புது டாக்டர்கூட நம்ம லிஸ்ட்ல சேரலயே. ஏன்?”

சார் என்றாள். அண்ணா என்று ஆரம்பிக்கப்போய் மாற்றிக்கொண்ட மாதிரிகூட இல்லை. யோசித்து வைத்துக்கொண்டு வந்த சொல்.

“மழைல ரோடெல்லாம் தண்ணி மேடம். ஏரி பக்கம் போகவே முடியல. கிளினிக் நிறைய மூடியிருந்தது.”

“மழை எல்லார் ஏரியாலயும்தான் சார் பெஞ்சுது. முடிச்சூர்ல படகே விட்டாங்க. அங்க சேந்திருக்காங்க. இது காரணமில்ல. எந்தெந்த டாக்டரப் பாக்கலன்னு நாளைக்குள்ள எனக்குச் சொல்லுங்க. உக்காருங்க. அடுத்து.”

உட்கார்ந்தேன். ஹாலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. இதைத்தானே வேண்டும் என்று கேட்டேன், கிடைத்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. காது இரண்டும் எரிந்தன. ‘உனக்கு பாத்ரூமுக்கு ஏற்பாடு பண்ணிக்கொடுத்தவன்டி நான்’ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. என்ன மனசு இது என்று வெட்கமாக இருந்தது. வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, கர்ச்சீப்பை மறந்துவிட்டதால் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மேடையில் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளும் என் பக்கம் பார்ப்பதைத் தவிர்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. என் ஆறுதலுக்காக அப்படி நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

அதற்குப் பிறகு என்னிடம் தனியாகப் பேசும்போதும் சார்தான். ஒரே ஒரு தடவை, என் மனைவிக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது வீட்டுக்கு வந்தாள். மனைவியை “அக்கா” என்றாள், பக்கத்தில் உட்கார்ந்து மருந்து ஊற்றினாள். என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே வராதபடி பார்த்துக்கொண்டாள். போகும்போது பொதுவாக, “வரேங்க” என்றாள். மனைவி கதவைச் சாத்திவிட்டு, “உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?” என்று கேட்டாள். “இல்ல, இப்பதான் ஒழுங்கா இருக்கோம்” என்றேன். அவள் நம்பவில்லை.

போன மாதம் மேடவாக்கம் டாக்டரிடம் மறுபடி ஜாயின்ட் வொர்க். “எங்க ஏரியா மேனேஜர் டாக்டர்” என்று மட்டும் சொன்னேன். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. புது மருந்தைப் பற்றிச் சொன்னேன். கிட்னி விஷயத்தை அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெளியே வந்ததும் அவள் வாசலிலேயே நின்றாள். “ரெண்டு விஷயம் சார்” என்றாள். ஒன்று, டாக்டர் பேச வாய் திறக்கும்போதெல்லாம் நான் குறுக்கே பேசினேன். இரண்டு, சொன்னதையே திரும்பச் சொல்கிறேன், பயத்தில் செய்கிறேன் என்பது டாக்டருக்கே தெரிகிறது. காத்திருந்த பேஷண்டுகளில் ஒரு அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த தலையோடு ஒருவன் இப்படி நின்று கேட்டுக்கொள்வதை அவர் என்ன நினைத்திருப்பார் என்று நினைத்தேன். முதல் விஷயம் சரி. இரண்டாவது, பயத்தில் என்பது, அவ்வளவு சரியில்லை என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை. “சரி மேடம்” என்றேன்.

அவளுக்கு வண்டலூரில் வேறு ஒருவரோடு வேலை இருந்தது. கிளம்பிவிட்டாள். எனக்குப் பள்ளிக்கரணையில் இன்னும் பார்க்க வேண்டிய டாக்டர்கள் இருந்தார்கள்.